இராவணனுக்கும் ஒரு வரவு

நாவற்குடாவிலிருந்து பள்ளிக்கூடத் தம்பி ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். மாயக்கதை ஒன்று எழுதுகிறாராம். வில்லனுக்கு ஏழு தலை, நெருப்பு மூச்சு எல்லாம் கொடுத்தும் வாசித்தவர்கள் யாரும் பயப்படவில்லையாம். இன்னும் என்ன கொடுக்கலாம் என்று கேட்கிறார்.

தம்பி, அவனுக்கு ஒரு வரவு கொடுங்கள்.

கூத்தில் வடமோடி எது, தென்மோடி எது என்று மட்டக்களப்பாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் வரவை நாம் நின்று கவனிப்பதில்லை. களரிக்கு வருகிற அரசன் நல்லவனோ கெட்டவனோ, வரவுத் தாளத்துக்கு ஆடி, தான் இன்னாரென்று தன் வாயாலேயே பாடித்தான் கதைக்குள் நுழைகிறான். தருமருக்கு உள்ள அந்த மரியாதை துரியோதனனுக்கும் உண்டு. அவனுக்கென்று மத்தளம் தணிந்து ஒலிப்பதில்லை. பிற்பாட்டுக்காரர் அவன் வரியையும் முழுத்தொண்டையில்தான் எடுக்கிறார்கள்.

சின்ன வயதில் அம்மம்மாவின் மடியில் அரைத்தூக்கத்தில் கிடந்து நான் பார்த்த துரியோதனன், எங்கள் ஒழுங்கையில் மீன் கொண்டுவருபவர். கரப்புடுப்பின் பாரத்தோடு அவர் களரியைச் சுற்றி ஆடி முடித்தபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. தன் குலத்தையும் கொடையையும் அவர் பாடப் பாட, இவருக்குத்தான் நாடு சேரவேண்டும் என்று நினைத்துவிட்டேன். பிறகு அதே வாயால் பாஞ்சாலியைச் சபைக்கு இழுத்துவரச் சொன்னார். உடம்பு நடுங்கிப்போயிற்று. அவரை நம்பியிருந்ததால் வந்த நடுக்கம் அது. கொம்பும் பல்லும் வைத்து ஒருவரை நிறுத்தியிருந்தால் எனக்கு அது வந்திராது.

1964இல் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மேடையேற்றிய ‘இராவணேசன்’ இந்த வரவையே நாடகம் முழுவதற்கும் நீட்டியது என்பேன். அதை எழுதி, இராவணனாக ஆடியவர் அப்போது மாணவராயிருந்த நம் ஊர் சி. மௌனகுரு. அந்த இராவணன் தம்பி கும்பகர்ணனை இழக்கிறான், மகன் இந்திரஜித்தை இழக்கிறான். மண்டோதரி மறிக்கிறாள். சீதையை விட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும். அவன் விடுவதில்லை, தனியே போருக்குப் புறப்படுகிறான். செய்தது பிழை என்று தெரிந்தும் நமக்கு நெஞ்சு கனக்கிறது.

நம் முன்னோருக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. திருகோணமலைப் பக்கம் கன்னியாவில் உள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகளும் தாய்க்குக் கருமம் செய்ய இராவணன் உண்டாக்கியவை என்பது ஐதீகம். சீதையைத் தூக்கிவந்தவனைத் தாய்க்கு அழுத மகனாகவும் நினைவில் வைத்திருக்கிற மண் இது.

சில வருடங்களுக்கு முன் ஒரு போட்டிக்காகக் கூத்தொன்றைச் சுருக்கிக் கொடுத்தேன். நேரம் காணாது என்று வில்லனின் வரவைத்தான் முதலில் வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன். மேடையில் ஒருவன் ஓடிவந்தான், கத்தினான், அடிபட்டு விழுந்தான். கைதட்டினார்கள், ஒரு கண்ணும் கலங்கவில்லை. அந்த வெட்டு இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. விடியவிடிய ஆடிய கூத்தில் கெட்டவன் பேசுவதையும் பொறுமையாக இருந்து கேட்ட சனம் நாங்கள். அந்தப் பொறுமையை இருபது நிமிடத்துக்காக விட்டுக்கொடுக்கிறோம். கூத்துப் பழக்கும் ஆசிரியர்களே, வேறு எதையாவது குறையுங்கள்.

தம்பி, உங்கள் ஏழு தலையானின் அம்மா யார்? அவன் யாருக்காக அழுதான்? அதை அவனே சொல்லட்டும், முதல் அத்தியாயத்திலேயே. எழுதியதும் எனக்கு அனுப்புங்கள்.