எட்டுப் பேர் ஏறினால் படகு ஏன் வேகமாகப் போகிறது?

பாரிஸ் ஒலிம்பிக், 2024. துடுப்புப் படகுப் போட்டியில் தனியாளாக 2,000 மீட்டர் கடந்து தங்கம் வென்ற ஜெர்மனியின் ஆலிவர் ஸைட்லருக்கு 6 நிமிடம் 37 விநாடி ஆனது. பிரிட்டனின் எண்மர் படகோ 5 நிமிடம் 22 விநாடியில் முடித்துவிட்டது. ஆள் கூடினால் எடையும் கூடுமே, பிறகெப்படி?

படகைப் பின்னுக்கு இழுப்பது பெரும்பாலும் தண்ணீரின் உராய்வு. அது நனையும் பரப்பைப் பொறுத்தது. எடை எட்டு மடங்கானால், அதே வடிவப் படகில் நனையும் பரப்பு நான்கு மடங்குதான் ஆகும். தசைபலமோ முழுசாக எட்டு மடங்கு!

அப்படியானால் வேகம் இரட்டிப்பாக வேண்டாமா? ஆகாது. ஒரே படகின் வேகத்தை இரட்டிப்பாக்கவே ஏறத்தாழ எட்டு மடங்கு திறன் வேண்டும். தண்ணீர் அவ்வளவு கறார். மிஞ்சும் லாபம் சுமார் கால்பங்கு. துடுப்பே தொடாமல், சுக்கான் பார்த்து அதட்டும் ஒன்பதாவது ஆளையும் சுமந்துகொண்டுதான் இவ்வளவும்.