பழுப்பேறிய ஒரு கனெக்டர்

2006 முதல் 2011 வரை தமிழ்நாட்டு அரசு வீடுதோறும் இலவசமாக வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் ஒன்று அலங்காநல்லூரில் என் சித்தி வீட்டு மர ஸ்டாண்டின்மேல் இன்னும் வீற்றிருக்கிறது. தலையில் ஒரு தட்டுத் தட்டினால் விழித்துக்கொண்டு, சற்று நேரத்தில் தானாகவே உறங்கிவிடும் நிலைக்கு அது வந்தபோது, பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதென்று வீட்டில் தீர்மானமாகியிருந்தது. தட்டினால் பிழைக்கும் எந்தச் சாதனத்திலும் வியாதி பெரும்பாலும் தளர்ந்துபோன ஓர் இணைப்பில்தான் இருக்கும் என்ற எண்ணத்தில், பழகிய மெக்கானிக் ஒருவரை நான் அழைத்துக்கொண்டு போனேன்.

பின்மூடியைக் கழற்றியதும் அவர் எதையும் தொடவில்லை. பிளக்கைப் பிடுங்கிய பின்னும், 230 வோல்ட் மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கிய பெரிய கெப்பாசிட்டரில் ஏறக்குறைய 325 வோல்ட் தங்கியிருக்கக்கூடும். பிக்சர் டியூபின் பக்கவாட்டில் ரப்பர் தொப்பியடியில் ஒளிந்திருப்பதோ இருபதாயிரம் வோல்ட்டை ஒட்டியது. குண்டு பல்பு ஒன்றின் இரு கம்பிகளைக் கெப்பாசிட்டரின் முனைகளில் வைத்து, அது மின்னி அணைந்த பிறகே அவர் உள்ளே கை வைத்தார். இந்தப் பழக்கம் இல்லாதவர்கள் மூடியைத் திறக்காதிருப்பதே உத்தமம்.

போர்டின் ஓரத்தில் இரட்டைக் கம்பியுள்ள வெள்ளைக் கனெக்டர்கள் இரண்டு அருகருகே இருந்தன. ஒன்றின் கம்பி பிக்சர் டியூபைச் சுற்றியோடும் காந்தநீக்கச் சுருளுக்குப் போனது. மற்றது பவர் கார்டு. தோற்றத்தை நம்பாமல், கம்பியை விரலால் தொடர்ந்து சென்றே இன்னது என்று நிச்சயிக்க வேண்டும். பவர் கார்டின் கனெக்டர் தன் வெண்மையை இழந்து டீக்கறைபோலப் பழுத்திருந்தது.

அறுபது வாட் பெட்டி கால் ஆம்பியர்தானே இழுக்கிறது, அதற்கா பிளாஸ்டிக் கருகும் என்ற சந்தேகம் நியாயமானதே. ஆனால் சுவிட்சைப் போட்ட கணத்தில் வெறுமையான கெப்பாசிட்டரும் காந்தநீக்கச் சுருளும் அதைப்போலப் பன்மடங்கு மின்னோட்டத்தை விழுங்குகின்றன. அப்போது பிடி தளர்ந்த பின்னில் கண்ணுக்குத் தெரியாத பொறி பறந்து, உலோகம் கறுத்து, கறுத்ததனால் தடை கூடி, தடை கூடியதனால் சூடு மிகுந்து, அந்தச் சூட்டினால் பிடி மேலும் தளர்கிறது.

புதியது வாங்கப் போன டவுன்ஹால் ரோட்டு உதிரிபாகக் கடையில், "டிவி பவர் கனெக்டர் ஒண்ணு குடுங்க தம்பி" என்றேன். "பின்னுக்குப் பின் எவ்வளவுங்கய்யா?" என்று பையன் திருப்பிக் கேட்டான். கனெக்டரின் ஜாதி பின்களின் இடைவெளியில் இருக்கிறது. ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடுவரை அளக்கவேண்டும்: ரெலிமேட் என்று கடைகளில் வழங்குவது 2.54 மில்லிமீட்டர், மின்சாரம் நுழையும் இடத்தில் வழக்கமாக இருக்கும் பருமனான வகை 3.96. அதிலும் ஆபத்தான இரு முனைகளை விலக்கி வைப்பதற்காக நடுப்பின்னை எடுத்துவிடுவதுண்டு. அப்போது அளவுகோல் 7.92 காட்டும். 2.5, 2.54 என்ற இரட்டைப் பிறவிகளை ஓர் இடைவெளியை அளந்து பிரிக்க முடியாது. பத்து இடைவெளிகளைச் சேர்த்து அளந்தால் ஒன்று 25 மில்லிமீட்டர், மற்றது 25.4 என்று வேற்றுமை வெளிப்படும். நான் பழையதையே பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அதைவிடச் சுலபமான வழி இல்லை.

கம்பியின் முனையிலுள்ளதை மாத்திரம் மாற்றிவிட்டுப் போர்டில் நிற்கும் கறுத்த பின்களை அப்படியே விடுவது நம்மூரில் சகஜமான சிக்கனம். புதியதும் சில மாதங்களில் கருகுவதற்கு அதுவே காரணம். எங்கள் மெக்கானிக் இரண்டையும் மாற்றினார். பின்னைச் சுற்றி மயிரிழைபோல வெடித்திருந்த பழைய ஈயத்தை உறிஞ்சியெடுத்துப் புது ஈயம் வைத்தார். கம்பி முனையில் பொருத்தும் சிறு தகட்டில் இரண்டு ஜோடிச் சிறகுகள் உண்டு: உள்ஜோடி செம்பைக் கவ்வவேண்டும், வெளிஜோடி மேலுறையை. மூக்குக் குறட்டால் நசுக்கினால் இரண்டும் ஒன்றாகச் சப்பிப்போகும் என்று சொல்லி, அதற்கென்றுள்ள குறட்டால் ஒவ்வொன்றாக மடக்கினார்.

பெட்டியை நேராக மின்சாரத்தில் செருகாமல், இடையே ஒரு குண்டு பல்பை சீரிஸில் கோத்துச் சுவிட்சைப் போட்டார். பல்பு பளிச்சென்று எரிந்தது. சித்தி ஓர் அடி பின்வாங்கினாள். மறுகணம் அது மங்கிச் செந்தணலாக நின்றது. உள்ளே ஷார்ட் ஒன்றுமில்லை. பல்பைக் கழற்றி, கார்டை நேரே சுவரில் செருகினார்.