கை இறங்கியதும் குதிரைதான் எஜமான்

திருப்பூர் வாசகர் ஒருவர் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்: “கௌபாய் கடிவாளத்தைத் தளரவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார். குதிரை தானாகவே ஒரு கன்றை மறித்து இடமும் வலமும் பாய்கிறது. இது சர்க்கஸ் வித்தையா?”

வித்தையல்ல, வேலை. டெக்சாஸில் வேலியில்லாத மேய்ச்சல் வெளிகளில் பல பண்ணை மாடுகள் கலந்து மேய்ந்த காலத்தில், சூடு போடவோ மருந்து கொடுக்கவோ ஒரு மாட்டை மட்டும் மந்தையிலிருந்து பிரிக்க வேண்டியிருந்தது. அந்த வேலைதான் ‘கட்டிங்’ என்ற போட்டியாக வளர்ந்தது. 1898இல் ஹாஸ்கெல் என்ற ஊரில் நடந்த போட்டியில் வென்ற ஓல்ட் ஹப் என்ற குதிரைக்கு அப்போது வயது 22. 1946இல் கட்டிங்குக்கென்றே தேசியச் சங்கம் அமைந்தது.

ஆட்டம் இரண்டரை நிமிடம். மந்தைக்குள் மெல்ல நுழைந்து மாட்டைத் தேர்ந்து வெளியே கொண்டுவரும் வரை கடிவாளம் மனிதர் வசம். மாடு தனித்து நின்றதும் அவர் கையைக் குதிரையின் கழுத்தருகே இறக்கிவிட வேண்டும். அதன் பிறகு கடிவாளத்தால் குதிரையைத் திருப்புவது தெரிந்தால் புள்ளி குறையும். மாடு தப்பி மந்தைக்குள் ஓடிவிட்டால் ஒரேயடியாக 5 புள்ளி போய்விடும். நடுவர் ஒவ்வொருவரும் 60க்கும் 80க்கும் இடையில் மதிப்பெண் தருகிறார்.

எனக்குப் பிடித்தது கை இறங்கிய அடுத்த நொடி. குதிரையின் இரண்டு காதுகளும் மாட்டின் மேல் குத்திட்டு நிற்கும். தலை தாழும், மார்பு தரையை நோக்கி இறங்கும், பின்னங்கால்கள் வயிற்றுக்கடியில் நுழையும். எங்கள் ஊர்க் கபடியில் மூலையில் நிற்கும் ஆட்டக்காரர் பாடி வருபவரின் கையைப் பார்க்கமாட்டார், இடுப்பைப் பார்த்தே திரும்பும் பக்கத்தைக் கணித்துவிடுவார். குதிரையும் அப்படித்தான், மாடு உடலைத் திருப்பத் தொடங்கும்போதே வழியை அடைத்துவிடுகிறது. சேணத்தின் முன்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு, கயிறு போட்டுப் பிடித்த மாட்டைக் கட்டி நிறுத்துவதற்காக வந்தது. இங்கே அது கீழே விழாமலிருக்கப் பிடித்துக்கொள்ள உதவுகிறது!

இந்தத் திறமையில் பயிற்சிக்கு நிகரான பங்கு உடம்புக்கும் உண்டு. நிற்கும் குதிரையின் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்களே தாங்குகின்றன. சட்டென்று நின்று திரும்ப வேண்டுமானால் அந்தப் பாரம் பின்னால் போக வேண்டும். அதனால்தான் குட்டையான முதுகு, கனத்த தொடை, தரைக்கு அருகில் அமைந்த பின்கால் மூட்டு ஆகியவற்றைத் தேடுகிறார்கள். பின்னங்கால் கம்பம்போல நேராக இருந்தால் அதிர்ச்சியை உள்வாங்க முடியாமல் மூட்டு தேயும். இன்னொன்று, குதிரைக்குக் காறை எலும்பே கிடையாது. முன்னங்கால்களுக்கு நடுவே உடல் தசைகளால்தான் தொங்குகிறது. அந்தத் தசைகள் வலுவாக இல்லாத குதிரை மாட்டின் முன் இப்படித் தாழ்ந்து நிற்க முடியாது.

இந்த வேலைக்குப் பேர்போனது குவார்ட்டர் குதிரை. கால் மைல் ஓட்டப் பந்தயத்தால் வந்த பெயர். இதற்கான சங்கம் 1940இல் தொடங்கியது. இதன் போட்டிகளில் ‘ஹால்டர்’ என்றொரு பிரிவு உண்டு. யாரும் ஏறி ஓட்டுவதில்லை. குதிரையை நிறுத்திவைத்து அங்கலட்சணம் பார்த்துப் பரிசு தருவார்கள். தொடக்கத்தில் இதில் குற்றமில்லை. ஓட்டப் பந்தயத்தில் தோற்ற டாக் பார் என்ற குதிரை இந்தப் பிரிவில்தான் பெயர் வாங்கியது. அதன் வாரிசுகள் கட்டிங் களத்தையே ஆண்டன.

பிறகு தசை மட்டுமே அழகு என்றானது. வேலை செய்யாத உடம்புக்கு வேலையை நினைத்து மதிப்பெண் போட யாரும் இல்லை. பெரிய உடம்பு, அதைத் தாங்கமாட்டாத சின்னக் குளம்பு என்று இனப்பெருக்கம் போயிற்று. 1969இல் பிறந்த இம்ப்ரெசிவ் என்ற குதிரை 1974இல் ஹால்டர் உலகச் சாம்பியன் ஆனது. அதன் குட்டிகளுக்கு ஏகப்பட்ட கிராக்கி. தசையோடு ஒரு மரபணுக் கோளாறும் அந்த வழியில் பரவியது. தசைச் செல்களில் சோடியம் நுழையும் வாயில் சரியாக மூடாது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். குதிரை நடுங்கும், சரியும், சில வேளை செத்தும் போகும். பொட்டாசியம் மிகுந்த குதிரைமசால் தீவனமே இந்தக் குதிரைகளுக்கு ஆபத்து.

1992இல் காரணமான மரபணு மாற்றம் கண்டறியப்பட்டது. ஆனால், தாய் தந்தை இருவரிடமிருந்தும் இதைப் பெற்ற குட்டிகளுக்குக் குவார்ட்டர் குதிரைச் சங்கத்தில் பதிவு கிடையாது என்ற விதி 2007இல் பிறந்தவை முதல்தான் வந்தது. ஒரே பக்கத்திலிருந்து பெற்ற குட்டிகளை இன்றும் பதிவு செய்துகொள்கிறார்கள். அவற்றுக்கும் நோய் வரும், அவை அடுத்த தலைமுறைக்கும் கடத்தும். பரிசுக்காக வளர்த்த வலியை ஒரு விலங்கின் தலையில் கட்டுவது அநியாயம். அவற்றை வைத்து இனப்பெருக்கம் செய்வதையும் சங்கம் நிறுத்தியாக வேண்டும்.