வெள்ளத்தில் மாற்றுத்திறனாளி இளையோர்: 2023 தாமிரபரணிப் பெருவெள்ளம்

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தமிழகத்தின் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையால் தாமிரபரணி ஆற்றில் ஏற்பட்ட வெள்ளம், தூத்துக்குடி மாவட்டத்தின் ஆற்றங்கரை ஊர்களையும் கடற்கரை ஊர்களையும் ஒருசேரத் தாக்கியது. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களில் 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஏரல், ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர், காயல்பட்டினம் போன்ற ஊர்கள் சாலை, மின்சாரம், தொலைபேசி ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் இழந்தன. இத்தகைய வெள்ளத்தில் நடக்கவோ பார்க்கவோ கேட்கவோ இயலாத ஓர் இளைஞர் எதிர்கொள்ளும் நிலை, மற்றவர்கள் எதிர்கொள்ளும் நிலையிலிருந்து வேறுபட்டது. அந்த வேறுபாட்டையும், அதற்கெனச் சட்டத்தில் உள்ள ஏற்பாடுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மழையின் அளவு

டிசம்பர் 18 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவானது. திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. பெய்தது. தூத்துக்குடி மாவட்டம் மழை குறைந்த மாவட்டம். அங்கு ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழை 65 முதல் 70 செ.மீ. அளவே. உப்பளத் தொழில் அங்கு செழித்ததற்கே அந்த வறண்ட வானிலைதான் காரணம். ஆக, ஓராண்டு மழையைவிட அதிகமான நீர் ஒரே இரவில் காயல்பட்டினத்தில் கொட்டியது.

இந்திய வானிலைத் துறையின் வகைப்பாட்டில் 24 மணி நேரத்தில் 20.4 செ.மீ.க்கு மேல் பெய்வது 'அதி கனமழை' எனப்படும். அதற்கு மேல் வகை கிடையாது. சிவப்பு எச்சரிக்கை என்று அறிவிக்கப்படும்போது 21 செ.மீ. மழையும் 95 செ.மீ. மழையும் அந்த ஒரே நிறத்துக்குள் அடங்கிவிடுகின்றன. முன்னெச்சரிக்கை போதுமான அளவில் தரப்பட்டதா என்பது பற்றி மத்திய, மாநில அரசுகளுக்கு இடையே அப்போது கருத்து மோதல் எழுந்தது. எச்சரிக்கை எப்போது தரப்பட்டது என்பதைச் சுற்றியே அந்த விவாதம் நடந்தது. அது யார் காதில் விழும், யார் கண்ணில் படும் என்ற கேள்வி பெரிதாகப் பேசப்படவில்லை.

ஆறும் ஊர்களும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றி, ஏறத்தாழ 130 கி.மீ. ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் ஆறு தாமிரபரணி. அதன் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. அங்கிருந்து வடகால், தென்கால் என்ற இரு கால்வாய்கள் பிரிந்து பல குளங்களை நிரப்புகின்றன. பண்டைய பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இந்த ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்தது. ஆறு கொண்டுவந்த வண்டலால் கடல் விலகிப்போக, கொற்கை இன்று கடலிலிருந்து சில கி.மீ. உள்ளே ஒரு சிற்றூராக நிற்கிறது. இந்தச் சமவெளி தாழ்வானது. மேலே மலையிலும் கீழே கடற்கரையிலும் ஒரே நேரத்தில் மழை பெய்தால் நீர் விரைந்து வடிய வழி இல்லை. 1992 நவம்பரிலும் இந்த ஆற்றில் பெருவெள்ளம் வந்தது.

2023இல் ஆற்றில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் நீர் சென்றது. குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. கோரம்பள்ளம் குளத்தின் உடைப்பு தூத்துக்குடி நகரின் புறப்பகுதிகளை மூழ்கடித்தது. ஏரலில் ஆற்றுப் பாலம் சேதமடைந்ததால் ஊர் துண்டிக்கப்பட்டது. கடைவீதியில் இருந்த சரக்கெல்லாம் சேற்றில் புதைந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில், தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துச் செல்லப்பட்டதால் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றது. சுமார் 800 பயணிகள் இரண்டு இரவுகள் சிக்கிக்கொண்டனர். அருகிலிருந்த புதுக்குடி மக்கள், தங்கள் வீடுகளிலும் வெள்ளம் சூழ்ந்திருந்த நிலையில், அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தனர். கர்ப்பிணி, கைக்குழந்தையுடன் இருந்தவர் போன்றோர் விமானப்படை ஹெலிகாப்டரில் முதலில் ஏற்றப்பட்டனர். மற்றவர்கள் நீரில் நடந்தும், பின்னர் வாகனங்களிலும் வாஞ்சி மணியாச்சி நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 'நீரில் நடந்து' என்ற அந்த ஒரு சொல்லில்தான் மாற்றுத்திறனாளியின் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

இயலாமையின் வகையும் ஆபத்தின் வகையும்

மாற்றுத்திறனாளிகள் அனைவருக்கும் வெள்ளம் ஒரே மாதிரியான ஆபத்தைத் தருவதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை இயலாமைகளை அங்கீகரிக்கிறது. அவற்றுள் சில இங்கு எடுத்துக்காட்டப்படுகின்றன.

கால் இயலாதவருக்கு முதல் தடை ஆழம் அன்று, ஓட்டம். ஓடும் நீர் 15 செ.மீ. உயரம் இருந்தாலே வளர்ந்த ஒருவரின் கால் இடறக்கூடும். ஊன்றுகோல் வைத்திருப்பவருக்கும் காலிபர் அணிந்தவருக்கும் அதைவிடக் குறைந்த நீரே போதும். சக்கர நாற்காலியின் முன்பக்கச் சிறு சக்கரங்கள் சேற்றில் புதைந்துவிடும். தாமிரபரணி வெள்ளம் வடிந்தபின் தெருக்களில் நின்ற வண்டலில், தண்ணீர் போன பிறகும் பல நாட்கள் நாற்காலியை உருட்ட முடியாது. அரசு வழங்கும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் நீரில் மூழ்கினால் இயந்திரம் கெடும். அதை ஓட்டித்தான் வேலைக்கோ கல்லூரிக்கோ போகிற இளைஞருக்கு அதோடு வெளியுலகம் நின்றுவிடுகிறது.

தண்டுவடம் பாதிக்கப்பட்டவரின் நிலை இன்னும் கடுமையானது. இந்தக் கடற்கரையில் இதற்கு ஒரு தொழில்சார்ந்த காரணமும் உண்டு. முத்துக்குளிப்பு நின்றுபோன பிறகும் சங்குகுளிப்பு தொடர்கிறது. காற்றழுத்தக் கருவியின் உதவியுடன் ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு வேகமாக மேலேறும்போது, இரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழ்களாகி நரம்புகளைத் தாக்கும், கால்கள் செயலிழக்கக்கூடும். இவ்வாறு பாதிக்கப்பட்டவருக்கு உணர்வற்ற தோலில் படுக்கைப்புண் வராமல் காக்க உலர்ந்த படுக்கையும், சிறுநீர்க் குழாயைச் சுத்தமாக வைக்க நல்ல நீரும் நாள்தோறும் தேவை. ஈரப் பாயில் இரண்டு நாள் கிடந்தாலே புண் தொடங்கிவிடும். கழிவு கலந்த வெள்ளநீர் அந்தப் புண்ணில் பட்டால் எலிக்காய்ச்சல் முதலிய தொற்றுகளுக்கு வழி ஏற்படும்.

பார்வையற்றவர் தம் தெருவை மனத்தில் வரைபடமாக வைத்திருக்கிறார்: இத்தனை அடியில் படி, அதன்பின் வாய்க்கால், இடப்பக்கம் அடிபம்பு. வெள்ளம் அந்த வரைபடத்தை அழித்துவிடுகிறது. ஓடும் நீரில் வெள்ளைக்கோல் எதையும் சொல்வதில்லை. நீரின் இரைச்சல் மற்ற ஒலிகளை மூடிவிடுகிறது. நீர் வடிந்த பிறகும் இடிந்த சுவரும் இடம் மாறிய பொருள்களுமாக ஊர் அவருக்கு அந்நியமாகவே இருக்கும்.

காது கேளாதவருக்குச் சிக்கல் முன்பே தொடங்கிவிடுகிறது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லும் அறிவிப்பு, பள்ளிவாசல், தேவாலயம், கோயில் ஆகியவற்றிலிருந்து வரும் அறிவிப்பு, நள்ளிரவில் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டும் ஓசை ஆகிய எதுவும் அவரை எட்டாது. கைபேசிச் செய்தி எட்டும். ஆனால் மின்சாரம் போய்க் கோபுரங்களும் ஓய்ந்தபின் அதுவும் இல்லை. விளக்கில்லாத இருட்டில் சைகை மொழியும் உதடு பார்த்து அறிதலும் பயன்படா. ஆகவே இருட்டு இவருக்கு இரண்டாவது செவிட்டுத்தன்மை போன்றது.

மனவளர்ச்சி குன்றியவர்களுக்கும் ஆட்டிச நிலையில் உள்ளவர்களுக்கும் முகாமே பெரிய சோதனை. திருமண மண்டபத்தின் நெரிசலும் கூச்சலும் பழக்கமில்லாத உணவும் அவர்களை நிலைகுலையச் செய்யும். மற்றவர்கள் முகம் சுளிப்பதைத் தாங்காமல் நீர் நிற்கும் வீட்டுக்கே குடும்பத்தோடு திரும்பிவிடுபவர்களும் உண்டு. வலிப்பு மாத்திரை ஒருநாள் தவறினாலும் வலிப்பு வரலாம் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஏன் இளையோர்

மீட்புப் பணியில் 'பெண்கள், குழந்தைகள், முதியோர்' என்ற வரிசை எல்லார் வாயிலும் இருக்கிறது. 17 வயது மாற்றுத்திறனாளி அதில் எங்கும் சேர்வதில்லை. நடக்க இயலாத ஆறு வயதுக் குழந்தையைத் தாய் இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடி ஏறிவிடுவார். அதே பிள்ளை 50 கிலோ எடையுள்ள இளைஞனாகும்போது தாயின் வயதும் கூடியிருக்கும். தந்தை கடலுக்கோ வெளியூர் வேலைக்கோ போயிருந்தால், அந்த வீட்டில் அவரைத் தூக்க ஆள் இல்லை. வெள்ளம் இரவில் வந்தால் இந்தக் கணக்கு உயிர்க் கணக்காகிவிடுகிறது. கீழ்த்தளம் மட்டுமே உள்ள ஓட்டு வீடுகளில் ஏற மாடியும் இல்லை.

தூக்குவதிலும் முறை உண்டு. அனுமதி கேட்காமல், அக்குளில் கைகொடுத்து இழுப்பது எலும்பு வலுவற்றவருக்கு முறிவை உண்டாக்கலாம். எங்கே பிடிக்க வேண்டும், எங்கே பிடிக்கக்கூடாது என்பதை நன்கு அறிந்தவர் அந்த இளைஞரே. அவரிடம் கேட்பது மரியாதைக்காக மட்டுமன்று, பாதுகாப்புக்காகவும்தான். வளர்ந்த பெண்ணை அந்நிய ஆண்கள் தூக்க நேரும்போது குடும்பமே தயங்கி நேரத்தை இழப்பதும் நடக்கக்கூடியது. மீட்புக் குழுவில் பெண்கள் இருந்தால் இந்தத் தயக்கம் பெரிதும் குறையும்.

2023 வெள்ளத்தில் முதலில் கைகொடுத்தவர்களுள் மீனவர்கள் முக்கியமானவர்கள். படகுகளை லாரிகளில் ஏற்றிவந்து தெருக்களில் இறக்கினர். படகில் தட்டையான இடம் உண்டு. சாய்ந்தோ படுத்தோ ஒருவரைக் கொண்டுபோக முடியும். இடுப்பளவு நீரில் தோளில் சுமப்பதைவிட இது பாதுகாப்பானது. ஆனால் எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்று படகோட்டிக்கு யாராவது சொல்ல வேண்டும்.

பட்டியல் பற்றிய சட்டம்

யார் எங்கே இருக்கிறார் என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பது சட்டப்படியான கடமை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, பேரிடரில் அவர்களுக்குச் சமமான பாதுகாப்பு உண்டு என்று கூறுவதோடு நிற்கவில்லை. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்டத்திலுள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டைப் பராமரிக்க வேண்டும், ஆபத்தை அவர்களுக்கு ஏற்ற வழியில் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பேரிடருக்குப்பின் நடக்கும் மறுகட்டுமானம் மாநில ஆணையரைக் கலந்து, அணுகல் வசதியுடன் நடக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் உள்ளது. இந்தியா 2007இல் ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையின் 11ஆம் உறுப்பே இதற்கு அடிப்படை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2019இல் இதற்கெனத் தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் சுமார் 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். அப்போது கேட்கப்பட்ட வகைகள் குறைவு. இன்றைய 21 வகைகளைக் கொண்டு எண்ணினால் தொகை கூடும். உலக வங்கி உதவியுடன் நடைபெறும் தமிழக அரசின் 'உரிமைகள்' திட்டம் வீடு வீடாகக் கணக்கெடுப்பதை ஒரு பணியாகக் கொண்டுள்ளது. பெயர்ப்பட்டியல் மட்டும் போதாது. தெருவும் மாடி உண்டா இல்லையா என்பதும், தூக்க எத்தனை பேர் தேவை என்பதும் அதில் இருந்தால்தான் மீட்புக் குழுவுக்குப் பயன்படும். ஜப்பான் இதைத் துன்பத்தின் வழியே கற்றது. 2011 ஆழிப்பேரலையில் அங்கு மாற்றுத்திறனாளிகளின் இறப்பு விகிதம் மற்றவர்களைப்போல் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. 2013இல் உதவி தேவைப்படுவோரின் பட்டியலை உள்ளாட்சிகளுக்குக் கட்டாயமாக்கினர். 2021இல் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வெளியேற்றத் திட்டம் தயாரிக்க முயல்வதையும் சட்டத்தில் சேர்த்தனர்.

ஐ.நா. பேரிடர் அபாயக் குறைப்பு அலுவலகம் 2013இல் உலக அளவில் மாற்றுத்திறனாளிகளிடம் நடத்திய ஆய்வில், திடீர்ப் பேரிடரில் சிரமமின்றி உடனே வெளியேற முடியும் என்றவர்கள் 20 விழுக்காட்டினர் மட்டுமே. போதிய நேரம் கிடைத்தால் முடியும் என்றவர்கள் 38 விழுக்காடு. நேரம் மட்டுமே இந்த எண்ணிக்கையை ஏறத்தாழ இருமடங்காக்குகிறது என்பது கவனிக்கத்தக்கது.

வெள்ளம் வடிந்த பிறகு

பள்ளிகள் மூடப்பட்டு அரையாண்டுத் தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. பாதிக்கப்பட்ட வட்டங்களின் குடும்பங்களுக்கு ரூ.6,000, மற்ற வட்டங்களுக்கு ரூ.1,000 என அரசு நிவாரணம் அறிவித்தது. ரேஷன் கடை வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு அதைப் பெறுவதே ஒரு வேலை. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுசெல்லும் 'தாயுமானவர்' திட்டம் 2025 ஆகஸ்டில்தான் வந்தது.

பேரிடர் நிவாரண நிதியின் விதிமுறைகள் வெள்ளத்தால் புதிதாக உறுப்பிழப்பவரைக் கணக்கில் எடுக்கின்றன. 60 விழுக்காட்டுக்கு மேல் இயலாமை ஏற்பட்டால் ரூ.2.5 லட்சம், 40 முதல் 60 விழுக்காடு எனில் ரூ.74,000 தரப்படும். ஏற்கனவே இயலாமை உள்ளவர் இழந்த சக்கர நாற்காலியையோ காதொலிக் கருவியையோ பெற மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு அடையாள அட்டை வேண்டும். அட்டை வெள்ளத்தில் போயிருந்தால் முதலில் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். உடலுக்கேற்ப அளவெடுத்துச் செய்த காலிபர் என்றால் மீண்டும் அளவெடுத்து, செய்து, பழக வேண்டும். வீட்டைக் கழுவிவிட்டு மற்றவர்கள் வேலைக்குப் போகத் தொடங்கிய பின்னும் இந்த இளைஞர் திண்ணையில் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் இதுவே.

முன்னேற்பாடு

அடையாள அட்டை, மருத்துவச் சான்று, கல்விச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் மின்படிகளை டிஜிலாக்கர் போன்ற இடத்திலும் வெளியூர் உறவினரிடமும் வைத்திருப்பது பயன் தரும். குறைந்தது ஒரு வார மாத்திரை, காதொலிக் கருவிக்கான மின்கலம், ஊதல், கைவிளக்கு ஆகியவற்றை நீர் புகாத பையில் போட்டு, உயரமான இடத்தில் ஆனால் கைக்கு எட்டும்படி வைக்க வேண்டும். கண் பார்வையற்றவரும் காது கேளாதவரும் தமக்கு ஆபத்தைச் சொல்ல இரண்டு அண்டை வீட்டாரையாவது முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது. ஒருவர் ஊரில் இல்லாமல் போகலாம். மழைக்காலம் தொடங்கும் அக்டோபரில் ஒருமுறை, யார் தூக்குவார், எந்த மாடிக்கு என்று நடத்திப் பார்த்த குடும்பத்துக்கு டிசம்பரில் குழப்பம் குறையும். சிவப்பு எச்சரிக்கை வந்தால் நீர் தெருவுக்கு வரும்வரை காத்திராமல் பகலிலேயே மாற வேண்டும். உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070. அழைக்கும்போது முகவரியோடு இயலாமையின் வகையையும் தூக்கத் தேவைப்படும் ஆட்களின் எண்ணிக்கையையும் சொன்னால், வருகிற குழு அதற்கேற்பப் படகும் ஆளும் கொண்டுவர முடியும்.