தூக்கு யார் கழுத்துக்கு?

"எட்டுப் பேரைக் கொன்றவனையே விட்டிட்டினம். தூக்கு வேணுமோ வேண்டாமோ, அண்ணை?" இரணைமடுக் குளத்தின் கீழ் எங்கள் பக்கத்து வயல்காரத் தம்பி, வரம்பில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

கோபம் நியாயமானது. 2000 டிசம்பரில் மிருசுவிலில் ஐந்து வயதுப் பிள்ளை உட்பட எட்டுப் பொதுமக்களைக் கொன்ற இராணுவத்தினன் சுனில் ரத்நாயக்கவுக்கு 2015இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச மன்னித்து விட்டார்.

தூக்குத் தண்டனை விழுந்தால், அந்த மன்னிப்பு எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்குமா? 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமே சான்றாகிவிடும். அடித்து வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பொறுப்பும் எதிரியின் தலையில்தான். வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய தாளில் ஒப்பமிட்டவர்கள் எத்தனை பேர்!

1976க்குப் பிறகு இலங்கையில் யாரும் தூக்கிலிடப்படவில்லை. ஆனாலும் 2019இல் ஜனாதிபதி சிறிசேன நால்வரின் தூக்குக்குக் கையெழுத்திட்டார்; உயர் நீதிமன்றம்தான் தடுத்தது. சட்டத்தில் தூக்கு இருக்கும்வரை இந்தப் பயம் போகாது.

"கொலைகாரன் சாகும்வரை உள்ளே இருக்கட்டும், தம்பி. தூக்கைக் கேளாதையுங்கோ, மன்னிப்பு அதிகாரத்துக்குக் கடிவாளம் கேளுங்கோ" என்றேன். கேட்டால் நடக்கும். கொலைக் குற்றத்துக்காக மரண தண்டனை பெற்ற அரசியல்வாதி துமிந்த சில்வாவுக்குக் கொடுத்த மன்னிப்பை 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் ரத்துச் செய்திருக்கிறது.