கோர்ட் பக்கமே போகல, ஆனா நம்ம மேல தீர்ப்பு!

போன மாசம் என் நண்பன் ஒருத்தனை எச்.ஆர். கூப்பிட்டு, "உங்க சம்பளத்துல பிடிக்கச் சொல்லி கோர்ட் ஆர்டர் வந்திருக்கு"ன்னு சொல்லியிருக்காங்க. வேலைக்குச் சேர்ந்த புதுசுல வாங்கின கிரெடிட் கார்டு பாக்கி. அதுக்கப்புறம் அவன் ரெண்டு ஊர் மாறிட்டான். "கேஸ் நடந்ததே தெரியாதுடா, தீர்ப்பு எப்படி வந்துச்சு?"ன்னு கேட்டான். இன்னைக்கு எபிசோடு அந்தக் கேள்விக்குத்தான். நான் வக்கீல் இல்ல, கோடு எழுதுறவன். படிச்சும் வக்கீல்கிட்ட கேட்டும் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன்.

கடன் கொடுத்தவங்க சிவில் கேஸ் போட்டா, அவங்க கொடுத்த முகவரிக்கு கோர்ட் சம்மன் அனுப்பும். அங்க நீங்க இல்லன்னா கதவுல ஒட்டுவாங்க, பேப்பர்ல விளம்பரம் கொடுப்பாங்க. அப்பவும் நீங்க வரலன்னா, ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பு சொல்லிடலாம். இதுதான் எக்ஸ்பார்ட்டி டிக்ரி. நம்ம பாஷையில சொன்னா, ரெஸ்பான்ஸ் வரல, டைம்-அவுட் ஆயிடுச்சு.

"பழைய கடன் மூணு வருஷத்துல காலாவதி ஆயிடும்"னு பல பேர் நம்புறாங்க. அந்த 3 வருஷம் பொதுவா கேஸ் போடறதுக்கான கெடு. டிக்ரி வந்துட்டா, அதை நிறைவேத்தச் சொல்லி 12 வருஷம் வரைக்கும் மனு போடலாம். அதனால சும்மா இருந்தா தானா மறைஞ்சிடாது.

சரி, என்ன பண்ணணும்? முதல்ல, அப்படி ஒரு கேஸ் நிஜமாவே இருக்கான்னு பாருங்க. மிரட்டுறதுக்காக போலி ஆர்டர் அனுப்புறவங்களும் இருக்காங்க. ஈகோர்ட்ஸ் ஆப்ல 16 இலக்க சி.என்.ஆர். எண்ணையோ கேஸ் நம்பரையோ போட்டுத் தேடலாம். இருந்தா, வக்கீல் மூலமா சான்றிட்ட நகல் வாங்குங்க. சம்மன் எந்த முகவரிக்குப் போச்சு, கேஸ் அந்த 3 வருஷத்துக்குள்ள போட்டாங்களா, ரெண்டையும் பாருங்க.

அடுத்தது முக்கியம். சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 9, விதி 13-ன்படி தீர்ப்பை ரத்து பண்ணக் கேட்கலாம். கெடு 30 நாள். சம்மன் முறையா வந்திருந்தா தீர்ப்புத் தேதியிலிருந்து எண்ணணும். வரலன்னா, தீர்ப்பு பத்தி உங்களுக்குத் தெரிய வந்த நாளிலிருந்து. பேப்பர் விளம்பரம் மாதிரியான மாற்று வழியை இந்தக் கணக்குக்கு முறையான சம்மனா சட்டம் எடுத்துக்காது. ஆனா கேஸ் நடக்குறது உங்களுக்கு முன்னாடியே தெரியும்னு கோர்ட் நம்பினா, சம்மன்ல இருக்கிற சின்னக் குறையைக் காட்டித் தப்பிக்க முடியாது. ரத்து பண்ணினாலும் ஒரு தொகையைக் கட்டச் சொல்லி நிபந்தனை போடலாம். கேஸ் மறுபடி நடக்கும், இந்தத் தடவை உங்க தரப்பையும் கேட்பாங்க.

சம்பளம் முழுசா போயிடுமா? போகாது. இந்த மாதிரிக் கடன்ல முதல் 1,000 ரூபாயையும் மீதியில மூணுல ரெண்டு பங்கையும் தொட முடியாது. சம்பளம் 61,000-ன்னா, அதிகபட்சம் 20,000 பிடிக்கலாம். ஒரே டிக்ரிக்கு மொத்தம் 24 மாசம்தான். பி.எஃப். பணத்துலயும் கை வைக்க முடியாது.

கடன் உண்மைதான், பேசி முடிச்சுக்கலாம்னு நினைச்சா அதுவும் நல்ல வழிதான். ஆனா வெளியில கட்டுற பணத்தைக் கோர்ட்ல பதிவு பண்ணுங்க. பண்ணலன்னா, டிக்ரியை நிறைவேத்துற கோர்ட் அதைக் கணக்குல எடுத்துக்காது.

வக்கீல் ஃபீஸ் கஷ்டம்னா, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க. ஹெல்ப்லைன் 15100. பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் வருமான வரம்பு இல்லாம இலவச உதவி உண்டு.

ஆர்டர் கைக்கு வந்தா பயந்து டிராயர்ல போட்டுப் பூட்டாதீங்க. வந்த தேதியை அது மேலயே எழுதுங்க, கவரையும் பத்திரமா வைங்க. உங்க 30 நாளுக்கு அதுதான் சாட்சி.