ஜில்லென்று குடிக்க ஃப்ரீசர் எதற்கு, கல் உப்பு இருக்கே! தெரியுமா?

வெயில் கொளுத்துகிறது. விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். காலையில் வாங்கிய கலர் பாட்டிலோ ஃபிரிட்ஜுக்குள் போகாமல் மேஜை மேலேயே வெதுவெதுவென்று நிற்கிறது! ஃப்ரீசருக்குள் தள்ளிவிட்டு அரை மணி நேரம் ஊர்க்கதை பேசிச் சமாளிப்பீர்களா? வேண்டவே வேண்டாம். ஒரு சங்கதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பானத்துக்குள் குளிர்ச்சியை யாராலும் ஏற்ற முடியாது. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே கிளப்பத்தான் முடியும். எந்த வழியாகக் கிளப்புகிறோம் என்பதில்தான் வித்தை அத்தனையும்!

ஃப்ரீசரைவிட ஐஸ் தண்ணீர் வேகமானது, தெரியுமா?

ஃப்ரீசருக்குள் மைனஸ் 18 டிகிரி. ஐஸ் மிதக்கும் தண்ணீர் 0 டிகிரி. ஆனாலும் பந்தயத்தில் ஜெயிப்பது தண்ணீர்தான்! ஃப்ரீசரில் பாட்டிலைச் சுற்றி இருப்பது காற்று. சூட்டைக் கடத்துவதில் அது படு சோம்பேறி. தண்ணீர் சுமார் 25 மடங்கு கெட்டிக்காரன். பாட்டிலை வெறும் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே செருகினாலும் இதே கதைதான். கட்டி தொடும் இடம் கொஞ்சம், இடுக்கில் காற்றுதான் அதிகம். ஐஸ் போட்ட வாளியில் பாட்டிலின் கழுத்துவரை தண்ணீரை ஊற்றுங்கள், அப்புறம் பாருங்கள் வேகத்தை!

ஐஸ் கரைந்தால்தான் லாபம், தெரியுமா?

“ஐயோ, ஐஸ் கரையுதே!” என்று பதறாதீர்கள். கரையும்போதுதான் அது வேலையே செய்கிறது! 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் ஐஸ், அதே 0 டிகிரித் தண்ணீராக மாறுவதற்கு மட்டும் 80 கலோரி வெப்பத்தை விழுங்குகிறது. அவ்வளவு வெப்பம் இருந்தால் அந்த ஒரு கிராம் தண்ணீரை 0-விலிருந்து 80 டிகிரிவரை கொண்டுபோய்விடலாம்! கட்டியை நொறுக்கிப் போட்டால் இன்னும் சீக்கிரம் கரையும், இன்னும் சீக்கிரம் சூட்டை இழுக்கும்.

உப்பு போட்டால் ஐஸே இன்னும் ஜில்லாகும், தெரியுமா?

இதுதான் உச்சகட்ட வித்தை! ஐஸில் கல் உப்பைக் கொட்டியதும் அது மளமளவென்று உருகும். உருகுவதற்கான வெப்பத்தை வெளியிலிருந்து வாங்க நேரமில்லை. பக்கத்தில் இருக்கும் உப்புத் தண்ணீரிடமும் மிச்சமிருக்கும் ஐஸிடமும் பிடுங்கிக்கொள்கிறது. வெப்பநிலை 0-வைத் தாண்டிச் சரிகிறது. நொறுக்கிய ஐஸ் 3 பங்குக்கு உப்பு 1 பங்கு என்று எடையில் கலந்தால் மைனஸ் 20 டிகிரியை நெருங்கலாம்! சாதாரண உப்பால் எட்ட முடிந்த எல்லை மைனஸ் 21.

எவர்சில்வர் பாத்திரத்தில் செய்து பாருங்கள். முதலில் பாத்திரத்தின் வெளிப்பக்கம் முத்து முத்தாக வியர்க்கும். கொஞ்ச நேரத்தில் அந்த வியர்வையே வெள்ளை வெளேரென்று உறைந்து, நகத்தால் சுரண்டினால் பொடிப்பொடியாக உதிரும். அடுப்பங்கரை மேடையில் பனி! 1843-ல் அமெரிக்காவின் நான்சி ஜான்சன் காப்புரிமை வாங்கிய கைப்பிடி சுற்றும் ஐஸ்கிரீம் எந்திரம் நம்பியிருந்ததும் இந்தக் கலவையைத்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: கலவைக்குள் வெறுங்கையை விட்டுத் துழாவாதீர்கள், தோல் வெந்ததுபோல் புண்ணாகிவிடும்.

பாட்டிலைச் சுழற்றினால் நேரம் மிச்சம், தெரியுமா?

அசையாமல் நிற்கும் பாட்டிலில் ஓரத்துப் பானம் குளிர்ந்துவிடும், நடுவில் இருப்பது வெதுவெதுவென்றே கிடக்கும். கழுத்தைப் பிடித்து, நிற்கும் நிலையிலேயே மெல்லச் சுழற்றுங்கள். நடுவில் இருப்பது ஓரத்துக்கு வரும், சூடு வெளியேறும். குலுக்கக் கூடாது! சோடாவாக இருந்தால் திறக்கும்போது சட்டையெல்லாம் அபிஷேகம்தான். ஜூஸ் என்றால் பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து எவர்சில்வர் சொம்புக்கு மாற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் சூட்டை லேசில் விடாது, உலோகம் தாராளமாக விடும்.

அக்பர் தாகம் தணித்தது வெடியுப்பால், தெரியுமா?

ஃபிரிட்ஜும் இல்லை, பக்கத்தில் பனியும் இல்லை. ஆனாலும் முகலாயப் பேரரசருக்குக் குளிர்ந்த தண்ணீர்! அவருடைய அரசவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபசல் தன் ‘அயினி அக்பரி’யில் செய்முறையையே எழுதி வைத்திருக்கிறார். வெள்ளி போன்ற உலோகக் குடுவையில் ஒரு சேர் தண்ணீரை ஊற்றி வாயை மூட வேண்டும். வேறொரு பாத்திரத்தில் 5 சேர் தண்ணீர், அதில் இரண்டரை சேர் வெடியுப்பு. அதற்குள் குடுவையைக் கால் மணி நேரம் சுழற்ற வேண்டும். ஆம், வெடிமருந்தில் சேர்க்கிற அதே வெடியுப்புதான்! அது கரையும்போது தண்ணீரிலிருந்து வெப்பத்தை உறிஞ்சிவிடும். உலோகக் குடுவை, சுற்றிலும் தண்ணீர், விடாமல் சுழற்றல் என்று நாம் இதுவரை பார்த்த தந்திரங்கள் அந்த 16-ம் நூற்றாண்டுக் குறிப்பிலேயே இருக்கின்றன! யூரியாவைக் கரைத்துப் பயிருக்குத் தெளிப்பவரைக் கேட்டுப் பாருங்கள், வாளி சில்லிட்டுப் போவதை அவரும் சொல்வார்.

மெரினாவில் அமெரிக்க ஏரி ஐஸ் விற்றது, தெரியுமா?

சூட்டைக் கடத்தாத சோம்பேறிக் காற்றுக்கும் ஒரு காலம் வந்தது! பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர், உறைந்த ஏரிகளில் ஐஸைப் பாளம் பாளமாக வெட்டி, காற்று அடைபட்டுக் கிடக்கும் மரத்தூளைச் சுற்றிலும் திணித்துக் கப்பலேற்றினார். 1833-ல் கல்கத்தாவுக்கு வந்தது முதல் சரக்கு. வெயில் காயும் கடல்களை மாதக்கணக்கில் கடந்தும் பாதிக்கு மேல் கரையாமல் வந்து சேர்ந்தது! சென்னைக் கடற்கரையில் அவர் 1842-ல் எழுப்பிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். 1897-ல் விவேகானந்தர் தங்கியதால், இன்று விவேகானந்தர் இல்லம்.

மண்பானை மதுரையில் ஜெயிக்கும், சென்னையில் திணறும், தெரியுமா?

பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, கிராமுக்கு ஏறக்குறைய 580 கலோரியைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஐஸ் உருகுவதைப்போல ஏழு மடங்கு! ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவி எங்கே போகும்? அதனால்தான் கடலோரப் புழுக்கத்தில் பானைத் தண்ணீர் அவ்வளவாகக் குளிர்வதில்லை. பானையை நிழலில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அழகுக்குப் பெயின்ட் அடித்தீர்களோ, துளை அடைபட்டது, வேலையும் நின்றது! பானை இல்லையா? பாட்டிலில் ஈரத் துணியைச் சுற்றி ஃபேனுக்கு நேரே நிறுத்துங்கள்.

உறையும்போது பானம் சூடாகும், தெரியுமா?

பிளாஸ்டிக் பாட்டில் சோடாவை ஃப்ரீசரில் அசைக்காமல் வைத்தால், சில சமயம் 0-வுக்குக் கீழே போயும் உறையாமல் திரவமாகவே இருக்கும். மூடியைத் திருகுங்கள்: வாயு சீறும், குமிழ்கள் கிளம்பும், கண்ணெதிரே பாட்டில் முழுக்கப் பனிக்கூழ்! கண்ணாடிப் பாட்டிலில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம். உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் பருக்கும், பாட்டில் விரிசல் விட்டுவிடும். இனி ஆச்சரியம்: உருகும்போது விழுங்குகிற அதே வெப்பத்தை, உறையும்போது ஐஸ் திருப்பிக் கக்கியாக வேண்டும். அதனால் ஐஸாகிற அந்த நொடியில் பானத்தின் வெப்பநிலை இறங்குவதில்லை, சட்டென்று ஏறுகிறது!